கன்னடக் குடும்பப் படங்களில் நல்லவன் ஏன் கடைசியில் வீட்டை விட்டுப் போகிறான்?

ஸ்ரீராம்புரத்தான்:

ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி, இங்கே கன்னடப் படம் பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்பதால் கொட்டிவிடுகிறேன். நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்த தமிழன். நாங்கள் குடியிருந்தது ஒரு வட்டாரத்தில், அதாவது மெட்ராஸ்காரர்கள் சொல்லும் ஒண்டுக்குடித்தனம். ஒரே வாசல், உள்ளே ஏழு வீடு, நடுவில் ஒரு குழாய். வீட்டுக்காரர்கள் மண்டியா பக்கத்துக் கன்னடக் குடும்பம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆகாமல் போய், கூடத்துக்கு நட்டநடுவில் செங்கல் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பூசக்கூட இல்லை. டிவி அண்ணன் பக்கம், அவர்களின் அம்மாவான அஜ்ஜியும் (பாட்டி) அண்ணன் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் கன்னடப் படம் போட்டால் குடித்தனக்காரப் பிள்ளைகள் நாங்கள் வாசற்படியில் உட்காருவோம், தம்பியின் பெண்டாட்டி மட்டும் உள்ளே வராமல் முற்றத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பார்ப்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு 'பங்காரத மனுஷ்ய' (தங்க மனுஷன்) போட்டார்கள். 1972ல் வந்த ராஜ்குமார் படம். கெம்பேகவுடா ரோட்டில் ஸ்டேட்ஸ் தியேட்டரில் இரண்டு வருஷம் ஓடியது என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அத்தான் இறந்துவிட்டார், அக்காவும் பிள்ளைகளும் கடனோடு நிற்கிறார்கள், படித்த தம்பி ராஜீவன் பட்டணத்தை விட்டு வந்து கல்லும் முள்ளுமான நிலத்தைத் திருத்தி அந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறான். கடைசியில் வளர்ந்த அக்கா மகனே அவனைச் சந்தேகப்பட்டுப் பேச, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இறங்கி நடந்துவிடுகிறான். உண்மை தெரிந்து எல்லோரும் அழுகிறார்கள், ஆனாலும் அவன் திரும்பி வருவதில்லை. அஜ்ஜி தட்டில் பாதி ராகி முத்தையை (களி உருண்டை) அப்படியே வைத்துக்கொண்டு, விரலில் சாறு காய்ந்துபோகும்வரை அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் நான் பார்த்த பல கன்னடக் குடும்பப் படங்களில் இதே கதைதான். குடும்பத்துக்காக உழைத்தவன் குடும்பத்தோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதில்லை, கிளம்பிவிடுகிறான். தமிழ்ப் படத்தில் கடைசி ரீலில் எல்லோரும் காலில் விழுந்து, கட்டிப்பிடித்து, வணக்கம் போட்டுவிடுவோம். ஏன் இந்த வித்தியாசம்?

கொட்டகைப்பூனை:

நல்ல கேள்வி. கூடவே 'கஸ்தூரி நிவாஸ'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1971, தொரை-பகவான் இயக்கம். தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ரவிவர்மா, கொடுத்துக் கொடுத்தே ஓட்டாண்டி ஆகிறவர். யாரை வளர்த்துவிட்டாரோ அவனே போட்டியாக வளர்ந்து வீட்டையும் வாங்கிக்கொள்கிறான். கடைசியில் தேடி வந்தவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டுமே என்று, மிச்சமிருந்த வளர்ப்புப் புறாவையும் இழந்துவிடுகிறார். அவள் வந்திருப்பதே அந்தப் புறாவைக் கேட்கத்தான். அந்த இடத்தில் ராஜ்குமாரின் முகத்தைப் பார்த்தால் போதும். 2014ல் கலர் ஏற்றித் திரும்ப வெளியிட்டார்கள், நான் போய்ப் பார்த்தேன், பக்கத்து சீட்டில் ஐம்பது வயது ஆள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கதை எழுதியவர் நம் ஜி. பாலசுப்ரமணியம். அதையே 1975ல் சிவாஜியை வைத்து 'அவன்தான் மனிதன்' என்று எடுத்தார்கள். ஆக, வீட்டைத் தொலைக்கும் நல்லவன் தமிழனுக்கும் தெரிந்தவன்தான். ஆனால் கர்நாடகத்தில் அந்தப் படம் ஒரு ஊர்ச் சொத்து மாதிரி. இங்கே அது சிவாஜி படங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

தர்க்கன்77:

மன்னிக்கவும், இரண்டு படத்தை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்துக்கே குணம் எழுதுகிறீர்கள். வீட்டை விட்டுப் போகும் நல்லவன் எல்லா ஊரிலும் உண்டு. 'படிக்காத மேதை' ரங்கன் போகவில்லையா?

அப்புறம் இந்தக் 'கன்னடப் பாரம்பரியக் குடும்பம்' என்ற பேச்சே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. 'சூர்ய வம்ச' 1999, நம் 'சூர்யவம்சம்'. 'யஜமான' 2000, நம் 'வானத்தைப்போல'. 'சிம்ஹாத்ரிய சிம்ஹ' 2002, நம் 'நாட்டாமை'. மூன்றிலும் விஷ்ணுவர்தன். 'சிக்கெஜமான்ரு' நம் 'சின்னக் கவுண்டர்', அதில் ரவிச்சந்திரன். கூட்டுக்குடும்பம், அண்ணன் சொல்லே வேதம், வெள்ளை வேட்டி, பஞ்சாயத்து எல்லாமே கோடம்பாக்கத்திலிருந்து லாரியில் போனவை. காரணம் மண்வாசனை இல்லை, டப்பிங் கூடாது என்ற கட்டுப்பாடு. 60களில் கன்னடத் தொழிலாளிகளையும் நடிகர்களையும் காப்பாற்ற வந்த எழுதாத சட்டம், 2015ல் போட்டி ஆணையம் அதைத் தப்பு என்று சொல்லும்வரை நடைமுறையில் இருந்தது. டப் செய்ய முடியாவிட்டால் என்ன செய்வார்கள்? ரீமேக் செய்வார்கள். நம் குடும்பம் அங்கே போய்க் கன்னடம் பேசியது.

ஸ்ரீராம்புரத்தான்:

ரங்கன் போனான், சரி. ஆனால் போய் உழைத்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வந்து சேர்ந்தானே? ராஜீவன் வரவில்லை. அதுதான் என் கேள்வியே.

ரீமேக் விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலைத் திரும்பப் படியுங்கள். யஜமான என்றால் உடைமைக்காரன். நம்மிடமிருந்து போன படங்களில் நல்லவர் யார்? பெரியண்ணன், நாட்டாமை, சின்னக் கவுண்டர். வீடு அவருடையது, நிலம் அவருடையது, தீர்ப்பும் அவருடையது. அவர் எங்கே போவார்? ராஜீவன் யார்? அக்காவின் தம்பி. பிள்ளைகளுக்குத் தாய்மாமன், கன்னடத்தில் சோதரமாவ. அத்தான் வீட்டு நிலத்தில் அவனுக்கு ஒரு குழி பாத்தியதை கிடையாது. அதனால்தான் அக்கா மகன் சொல்லும் வார்த்தை அவ்வளவு ஆழமாகக் குத்துகிறது. அன்புக்கு உரிமை உண்டு, சொத்துக்கு இல்லை. வீட்டைத் தாங்கினவன் அந்த வீட்டில் விருந்தாளி.

ஓசூர் பஸ்:

தாய்மாமன் பேச்சு வந்துவிட்டது, இனி நான் சும்மா இருக்க மாட்டேன் :)

எங்கள் அம்மா தாளவாடிப் பக்கம். ராஜ்குமார் பிறந்த காஜனூர் அங்கேதான், ஈரோடு மாவட்டம், கணக்குப்படி அவர் நம்ம ஊர்க்காரர். வீட்டில் அம்மா கன்னடம், அப்பா தமிழ், நான் இரண்டையும் கலந்து கெடுப்பேன். 2002ல் 'தவரிகெ பா தங்கி' வந்தபோது அம்மாவைக் கூட்டிப் போனேன். தவரு என்றால் பிறந்த வீடு. 'பிறந்த வீட்டுக்கு வா தங்கச்சி' என்பதுதான் தலைப்பு. சிவராஜ்குமார் அண்ணன், ராதிகா தங்கை. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தங்கை கஷ்டப்படுவாள், அண்ணன் அழுவார், இடைவேளை, தங்கை இன்னும் கஷ்டப்படுவாள். ஆனால் கொட்டகை முழுக்கப் பெண்கள், ஒருத்தியும் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா நேராக எஸ்டிடி பூத்துக்குப் போய் மாமாவுக்குப் போன் போட்டாள். 'ஒண்ணுமில்லடா, சும்மாதான்' என்று சொல்லி வைத்துவிட்டாள். பதினெட்டு ரூபாய் பில்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, ஆனால் அந்தப் போனை மறக்க முடியவில்லை.

மைசூர்பாக்கு:

ஆண்கள் எல்லோரும் நல்லவன் ஏன் போகிறான் என்று உருகிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லவள் என்ன ஆகிறாள் என்று யாருமே கேட்கவில்லையே?

ஸ்ரீராம்புரத்தான் சொன்ன அந்தப் பாத்தியதை விஷயத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது சரி. வீட்டில் பங்கு இல்லாதவர்கள் தலையில்தான் குடும்பத்தின் மானம் மரியாதை எல்லாவற்றையும் ஏற்றி வைக்கிறார்கள். தாய்மாமனுக்கு ஒரு வழி உண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம், ஊர் அவனைத் தெய்வம் என்னும். பெண்ணுக்கு அந்த ரோடு கிடையாது.

இயக்குநர் புட்டண்ண கணகாலின் 'சரபஞ்சர' 1971. திரிவேணி எழுதிய நாவல். கல்பனா நடித்த காவேரி, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனம் பேதலித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெளிந்து வீட்டுக்கு வருகிறாள். அவளுக்குத் தெளிந்துவிட்டது, வீட்டுக்குத்தான் தெளியவில்லை. அவள் சிரித்தால் பயம், கோபப்பட்டால் பயம், சும்மா இருந்தாலும் பயம். புருஷன் வேறொருத்தியிடம் போய்விட்டான். கடைசியில் நிஜமாகவே உடைந்துபோகிறாள். அவள் ராஜீவனைப் போல நடந்து போக முடியுமா? போனால் அவளைத் தங்க மனுஷி என்று யாராவது பாடுவார்களா? அதே புட்டண்ணாவின் 'கெஜ்ஜெ பூஜெ' 1969, எம்.கே. இந்திராவின் நாவல். கல்யாணம் செய்துகொண்டு சாதாரணமாக வாழ ஆசைப்பட்ட தேவதாசி வீட்டுப் பெண், பாட்டி காலில் சலங்கையைக் கட்டப் பார்க்க, உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதே இந்திரா உண்மையில் வாழ்ந்த ஒரு பால்ய விதவையின் கதையை எழுதி, பிரேமா காரந்த் 1983ல் 'பணியம்மா' எடுத்தார்.

பழைய கன்னடக் குடும்பப் படத்துக்குப் பல் இருந்தது என்றால் அதற்குக் காரணம் கதைகள் அடுப்படியில் நின்ற பெண்களின் நாவல்களிலிருந்து வந்ததுதான். திரிவேணி 35 வயதுகூட ஆகுமுன் 1963ல் போய்விட்டார், படத்தைப் பார்க்கவே இல்லை. தர்க்கன் சொல்லும் லாரி பிற்பாடு வந்தது. நாவல் போய் ரீமேக் வந்ததும் காவேரிகள் காணாமல் போய்ப் பெரியண்ணன்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கொட்டகைப்பூனை:

புட்டண்ணாவிடம்தான் நம் பாரதிராஜா உதவியாளராக இருந்தார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். 'வம்ச விருக்ஷ'வை விட்டுவிட்டீர்களே? பைரப்பாவின் நாவல், 1971ல் பி.வி. காரந்தும் கிரிஷ் கர்நாடும் சேர்ந்து இயக்கியது. வம்சம், குலம், கோத்திரம் என்று வாழ்நாளெல்லாம் காத்த பெரியவர் சுரோத்ரி, தானே அந்த வம்சத்து ரத்தம் இல்லை என்று கண்டுபிடிக்கிறார். கைக்குழந்தையோடு நின்ற விதவை மருமகள் மறுமணம் செய்துகொண்டு போனபோது பிள்ளையை அவளுக்குக் கொடுக்காத வீடு அது. அந்த வீட்டின் உரிமைப் பத்திரமே போலி என்று ஆகிறது. பெரியவரும் கடைசியில் கிளம்பிவிடுகிறார். ஆக உங்கள் பட்டியலில் இன்னொருவர்.

தர்க்கன்77:

மைசூர்பாக்கு, நாவல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பங்காரத மனுஷ்ய'வும் டி.கே. ராமராவ் என்ற ஆணின் நாவல்தான். பெண் எழுதினால் பல், ஆண் எழுதினால் பஞ்சுமிட்டாய் என்று பிரித்துவிட முடியாது.

மைசூர்பாக்கு:

அப்படிப் பிரிக்கவில்லை. யார் பக்கம் நின்று எழுதினார்கள் என்றுதான் சொன்னேன்.

ஓசூர் பஸ்ஸின் அம்மா போன் போட்டதைப் படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது, சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 1994லேயே பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது (தமிழ்நாட்டில் 1989). 'தவரிகெ பா தங்கி' வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. நான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் நாத்தனாருக்கு ஒரு கௌரி பண்டிகை அன்று எங்கள் மாமியார் வீட்டிலிருந்து சீர் போனது, நானும் கூடப் போனேன். தாம்பாளத்தில் புடவை, ரவிக்கைத் துணி, தேங்காய், மஞ்சள் குங்குமம், இரண்டு டஜன் கண்ணாடி வளையல். அவள் முகமெல்லாம் பூவாகிவிட்டது. காபி குடித்து முடித்ததும் என் கொழுந்தனார் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். விடுதலைப் பத்திரம். பங்கு வேண்டாம் என்று கையெழுத்து. பென்சிலில் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், எங்கெங்கே போட வேண்டும் என்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை, வளையல் போட்ட கையோடு பதினோரு இடத்தில் போட்டாள். நான் எண்ணினேன்.

தங்கையைத் தவருக்கு வா என்று அழைத்து உருகும் படத்தில் இந்தக் கவர் எங்கே வருகிறது? எனக்கு அந்தப் படத்தில் அழுகை வராததற்குக் காரணம் இதுதான்.

ஓசூர் பஸ்:

எங்கள் அம்மாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் போனை யாருக்குப் போட்டாளோ, அதே மாமாவுக்குத்தான்.

ஸ்ரீராம்புரத்தான்:

பென்சில் குறி... சரி.

அந்தக் கவர் வரும் கன்னடப் படம் ஒன்று உண்டு, 'திதி'. 2015ல் லொகார்னோ திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது, ராம் ரெட்டி இயக்கம், மண்டியா பக்கத்துக் கிராமம், நடித்தவர்கள் அத்தனை பேரும் ஊர்க்காரர்கள். நமக்குத் திதி என்றால் வருஷா வருஷம் வருவது, அங்கே பதினோராம் நாள் ஊருக்கே கறிச்சோறு போடுவது. 101 வயது செஞ்சுரி கவுடா செத்துப்போகிறார். அவர் மகன் கட்டப்பா, தாடியோடு பிராந்தி பாட்டிலை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர், ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறவர், நிலம் நீச்சு எதுவும் வேண்டாம் என்கிறவர். பேரன் தம்மண்ணாவுக்கு அந்த ஐந்து ஏக்கரை விற்றாக வேண்டும், அப்பா பெயரில் இருக்கிறதே? அதனால் உயிரோடு இருக்கும் அப்பாவைச் செத்துப்போனதாகக் காகிதம் தயார் செய்கிறான். அப்பாவை ஊரை விட்டு அனுப்பிவைக்கக் கையில் பணமும் கொடுக்கிறான்! இங்கேயும் ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார். ஆனால் பின்னணியில் பாட்டு இல்லை, தியாகம் இல்லை, அவருக்கு நிஜமாகவே அக்கறை இல்லை. என்னைப் பொறுத்தவரை ராஜீவனுக்கு நாற்பது வருஷம் கழித்து வந்த பதில் கட்டப்பா.

கொட்டகைப்பூனை:

நடுவில் 'முங்காரு மளெ' (2006) விட்டுப் போகிறது. மழை, ஜோக் அருவி, பாட்டு என்று இளவட்டப் படம் மாதிரி இருக்கும், மல்டிபிளெக்ஸில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆனால் கடைசியில் கணேஷ் என்ன செய்கிறான்? தன்னையே விரும்பும் பெண்ணை, பெரியவர்கள் நிச்சயித்த மாப்பிள்ளைக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்புகிறான். ஜீன்ஸ் போட்ட ராஜீவன்!

தர்க்கன்77:

அது எனக்குப் பிடித்த படம், அதைத் தொடாதீர்கள்.

சரி, நானும் ஒன்று தருகிறேன், பார்ட்டி மாறினேன் என்று சொல்லக் கூடாது. 'கோதி பண்ண சாதாரண மைக்கட்டு' (2016). அனந்த் நாக், மறதி நோய் உள்ள அப்பா. மகன் ரக்ஷித் ஷெட்டி வேலை வேலை என்று ஓடுகிறவன், அவன் அலட்சியத்தால் அப்பா காணாமல் போகிறார். தலைப்பே காணவில்லை விளம்பரத்தின் வரி, கோதுமை நிறம், சாதாரண உடல்வாகு. இங்கே ராதாமோகன் '60 வயது மாநிறம்' என்று எடுத்தார், கோதுமை மாநிறமாகிவிட்டது, அது பிடித்திருந்தது. இந்தப் படத்தில் போகிறவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, வீடு எது என்பதே மறந்து போகிறார். லாரி இந்த முறை எதிர்த்திசையில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஜோகி'யும் அப்படித்தான், தனுஷ் நடித்த 'பரட்டை என்கிற அழகுசுந்தரம்'.

அதற்கு அடுத்த வருஷம் 'ராஜகுமார' வந்தது, புனீத், முதியோர் இல்லம், அப்பா அம்மாவைக் கைவிடாதே என்று இரண்டரை மணி நேர உபதேசம். 'கஸ்தூரி நிவாஸ' பொம்மைப் பாட்டின் நினைவில் ஒரு பாட்டு. பிரமாதமாக ஓடியது. அதில் சரத்குமாரும் இருக்கிறார். நாட்டாமையே நேரில் போய்விட்டார், இனி ரீமேக் எதற்கு?

மைசூர்பாக்கு:

:) இதற்குச் சிரித்தேன்.

கடைசியாக ஒன்று, 'நாதிசராமி' (2018), மன்சோரே. கல்யாணத்தில் மாப்பிள்ளை சொல்லும் வாக்கு அது, அறத்திலும் பொருளிலும் இன்பத்திலும் உன்னை மீற மாட்டேன் என்று. புருஷன் இறந்துபோன பெங்களூர்ப் பெண், உடம்புக்கும் மனதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள். வாக்குக் கொடுத்தவன் போய்விட்டான், கொடுக்காதவள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். பணியம்மாவுக்கும் இவளுக்கும் நடுவில் 35 வருஷம். பார்க்காதவர்கள் பாருங்கள், ஆனால் மாமியாரோடு உட்கார்ந்து வேண்டாம்.

ஸ்ரீராம்புரத்தான்:

ஒரு திருத்தம். நேற்று ராத்திரி அம்மாவிடம் இந்தப் பேச்சையெல்லாம் சொன்னேன். அஜ்ஜி, ராகி முத்தை, அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம். அம்மா கேட்டுவிட்டு, 'நீ எங்கடா முடிவைப் பார்த்தே? அன்னிக்குப் பாதியிலேயே கரண்ட் போயிடுச்சே' என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை, தம்பிக்குப் போன் போட்டேன், அவனும் அதையேதான் சொல்கிறான். கரண்ட் போனது, எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தோம், அஜ்ஜிதான் உட்காரச் சொன்னாளாம். ஸ்டேட்ஸ் தியேட்டரில் புதிதாக வந்தபோதே மூன்று தடவை பார்த்தவள், மிச்சக் கதையை இருட்டில் அவளே சொன்னாளாம், வசனத்தோடு. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவளுக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன மகனுக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் தூக்கிச் சொன்னாளாம். அழுதது அப்போதுதான்.

முடிவை நான் பிற்பாடு எப்போதோ சிடியில் பார்த்திருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஓசூர் பஸ்:

அந்தச் சுவர் என்ன ஆனது?

ஸ்ரீராம்புரத்தான்:

பூசினார்கள். அஜ்ஜி இருக்கும்போதே, இரண்டு பக்கமும் வேற வேற கலர்.